ஃபில்டர் இருந்தால் போதும்: வீட்டில் வனிலா, நன்னாரி ஐஸ் காபி

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இதுதான்: "கடையில் 250 ரூபாய் கொடுத்துக் குடிக்கும் வனிலா ஐஸ் காபியை வீட்டில் செய்து பார்க்கிறேன். முதல் இரண்டு மடக்கு நன்றாக இருக்கிறது, அப்புறம் காபி டம்ளர் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிடுகிறது. சர்க்கரை அடியில் தங்குகிறது. எசன்ஸ் ஊற்றினால் இருமல் மருந்து வாடை அடிக்கிறது. வீட்டில் பித்தளை ஃபில்டரும் மிக்சியும்தான் இருக்கின்றன. எஸ்பிரசோ மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?"

வேண்டாம். காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் 20 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் வாரத்துக்கு நாலு பேராவது இதே குறையோடு வந்து நிற்பார்கள். மெஷின் வாங்கியவர்களும் அதில் உண்டு. உங்கள் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கும் முதல் டிகாக்‌ஷன் இருக்கிறதே, அதைவிட ஐஸ் காபிக்குத் தோதான சரக்கு வேறு இல்லை. அதை எப்போது, என்ன சூட்டில் ஐஸ் மேல் ஊற்றுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மீதிப் பாதி, வாசனையைக் காபியில் கலக்காமல் பாகில் கலப்பது.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது உங்கள் காபியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரு மில்லி காபி ஒரு டிகிரி ஆறும்போது ஏறக்குறைய ஒரு கலோரி கொடுக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போடலாம். வழக்கமாகப் போடுவது போல 60 மில்லி டிகாக்‌ஷன், 120 மில்லி சூடான பால் கலந்து, 70 டிகிரிச் சூட்டில் ஐஸ் மேல் ஊற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அது 5 டிகிரிக்கு வர கிட்டத்தட்ட 140 கிராம் ஐஸ் உருக வேண்டும். அதாவது 180 மில்லி காபியில் 140 மில்லி தண்ணீர். எந்தக் காபி தாங்கும்?

பாலை மட்டும் ஃபிரிட்ஜில் குளிரவைத்துவிட்டு, டிகாக்‌ஷனை இறங்கிய சூட்டோடு ஊற்றினால் உருகுவது 45 கிராம் சொச்சம். டிகாக்‌ஷனும் ஆறி, அறைச் சூட்டுக்கு வந்திருந்தால் 20 கிராம். இரண்டும் ஃபிரிட்ஜில் இருந்து வந்தவை என்றால் ஊற்றும்போது ஏறக்குறைய ஒன்றும் உருகாது. அதன்பிறகு டம்ளருக்கு வெளியே இருக்கும் வெயில் உருக்குவதுதான். உங்களுடைய 'இரண்டு மடக்கு' வியாதிக்கு முக்கால்வாசி மருந்து இந்த ஒரு பத்தியிலேயே முடிந்துவிட்டது. ஐஸை அலங்காரச் சாமானாகப் பார்க்காமல், அளந்து சேர்க்கும் தண்ணீராகப் பாருங்கள்.

இன்னும் கெட்டியாக வேண்டும் என்பவர்கள் மிச்சமான டிகாக்‌ஷனையோ காய்ச்சி ஆறிய பாலையோ ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக்கிக்கொள்ளலாம். பால் கட்டிதான் என் விருப்பம். டிகாக்‌ஷன் கட்டி உருக உருகக் கசப்பு ஏறிக்கொண்டே போகும்.

இனி டிகாக்‌ஷன். சூடான காபிக்கு எடுப்பதைவிட ஒரு படி கெட்டியாக வேண்டும். 30 கிராம் பொடி, 160 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது. அதனால் கீழே இறங்குவது 100 மில்லி அளவுதான் இருக்கும். ஒரு டம்ளருக்கு 60 மில்லி. 30 கிராம் என்பது குவித்த நாலு பெரிய ஸ்பூன் வரும், ஆனால் ஸ்பூனுக்கு ஸ்பூன் மாறும். வீட்டில் சின்னத் தராசு இருந்தால் ஒரே ஒரு முறை நிறுத்துப் பார்த்து, உங்கள் ஸ்பூன் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்யுங்கள். காம்பு வைத்த குடைத்தட்டை அதன்மேல் வைத்து லேசாக அழுத்தினால் போதும். இறுக்கினால் டிகாக்‌ஷன் இறங்காது. அப்புறம் காம்பைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பீர்கள், பொடி கலைந்து மண்டி இறங்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும், நாலைந்து ஸ்பூன். பொடி உப்பி, மேலே நுரை கட்டி, அந்த வாசனை சமையலறையைத் தாண்டி வரும். ஒரு நிமிடம் கழித்து மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். 20 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம். பத்து நிமிடத்தில் முழுதும் இறங்கிவிட்டால் பொடி பெரிதாக அரைபட்டிருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை என்றால் மாவாக அரைபட்டிருக்கிறது. இரண்டுக்கும் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் டிகாக்‌ஷனை ஐஸ் காபிக்குத் தொடவே தொடாதீர்கள். காலையில் அவசரத்துக்குச் சூடான பாலில் அது ஓடிவிடும். குளிரில் அதன் வெற்றுக் கசப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும்.

பொடி விஷயத்தில் என்னுடைய சிபாரிசு பலருக்குப் பிடிக்காது. சூடான காபிக்கு நூற்றுக்கு முப்பது, நாற்பது சிக்கரி போட்டுக் குடித்துப் பழகியவர்கள், ஐஸ் காபிக்கு அதைப் பத்து, பதினைந்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்தால் கருப்பு நிறத்தையும் கெட்டியையும் கொடுக்கும், கஃபீன் துளியும் கிடையாது. காபி-சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது 49 வரை சிக்கரி போட்டாலும் யாரும் கேட்க முடியாது. விலை மலிந்த பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்று தெரியும். சூட்டில் அந்தச் சிக்கரி பாலோடு இழைந்து போய்விடும். குளிரவைத்தால் கஷாய வாடையாகத் தனியே பிரிந்து நிற்கும்.

கொட்டையில் அரேபிகா, ரோபஸ்டா என்று இரண்டு இனம் உண்டு. பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) அல்லது பிளான்டேஷன் ஏ முக்கால் பங்கு, ரோபஸ்டா பார்ச்மென்ட் கால் பங்கு என்று கேட்டு வாங்குங்கள். பிளான்டேஷன் என்றால் தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அரேபிகா. பார்ச்மென்ட் என்பது அதே மாதிரி கழுவிய ரோபஸ்டா. பழத்தோடு காயவைப்பதைச் செர்ரி என்பார்கள், அது கொஞ்சம் முரட்டுச் சுவை. ரோபஸ்டா என்றதும் மட்டம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பால், ஐஸ், சர்க்கரை, வாசனை என்று நாலு பேர் மேலே ஏறி உட்காரும் காபிக்கு அடியில் தாங்க ஒரு முரடன் வேண்டும். கஃபீனும் அரேபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் செய்வதாக இருந்தால் மட்டும் கால் பங்கு ரோபஸ்டாவை விட்டுவிடுங்கள். ஜில்லென்று இருப்பதால் இரண்டாவது டம்ளரும் தெரியாமல் இறங்கிவிடும், தூக்கம் போனபிறகுதான் தெரியும்.

இறங்கிய டிகாக்‌ஷனைச் சூடு ஆறியதும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூடாமல் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் கோபமாக வந்தார். "பொடியில் என்னத்தைக் கலந்தீர்கள், காபியில் சென்ட் வாடை அடிக்கிறது" என்றார். விசாரித்ததில், அவர் டிகாக்‌ஷனைத் திறந்த டபராவில் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். பக்கத்திலேயே வாழை இலையில் சுற்றிய இரண்டு முழம் மல்லிகைப்பூ. மல்லிகையாவது பரவாயில்லை. வெங்காயம் நறுக்கிய டப்பா, மீன், புளித்த மாவு எல்லாமே பாலுக்கும் ஐஸுக்கும் ஏறும். ஐஸ் தட்டையும் மூடி வையுங்கள். உங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால், ஐஸுக்கும் டிகாக்‌ஷனுக்கும் குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஐஸ்தானே என்று குழாயில் பிடிப்பவர்கள் நிறையப் பேர்.

மறுநாள் வரை டிகாக்‌ஷன் நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் வேண்டாம்.

சர்க்கரை அடியில் தங்குவதைப் பற்றி. குளிர்ந்த தண்ணீரில் சர்க்கரை கரையாது என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரியில்லை. 100 கிராம் குளிர்ந்த தண்ணீர் 180 கிராம் சர்க்கரையைக்கூடக் கரைத்துக்கொள்ளும். கரைய நேரம் பிடிக்கும் என்பதுதான் தொல்லை, அதற்குள் நீங்கள் குடித்து முடித்துவிடுகிறீர்கள். எனவே முதலிலேயே பாகாக்கிவிட வேண்டும். 200 கிராம் சர்க்கரை, 200 மில்லி தண்ணீர், கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், அது குளிரில் இறுகிவிடும். 300 மில்லிக்கு மேல் பாகு கிடைக்கும். டம்ளருக்கு 20 மில்லி ஊற்றினால் 12 கிராம் சர்க்கரை, மூன்று சின்ன ஸ்பூன் கணக்கு. சூடான காபிக்கு நீங்கள் போடுவதைவிட அதிகமாகத் தோன்றும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத்தான் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்துப் பாருங்கள், எப்படித் திகட்டுகிறது!

இந்தப் பாகுதான் வாசனையைச் சுமந்துபோகும் வண்டி. உங்கள் எசன்ஸ் மருந்து வாடை அடித்ததற்குக் காரணம் அளவு. ஒரு டம்ளருக்கு வேண்டியது இரண்டு மூன்று சொட்டு. பாட்டிலைக் கவிழ்த்தால் அரை ஸ்பூன் விழுந்துவிடும், குளிர்ந்த பாலில் ஒரே இடத்தில் நிற்கும். மேலே சொன்ன பாகு முழுவதுக்கும் அரை டீஸ்பூன் வனிலா எசன்ஸ் போதும். அடுப்பை அணைத்து, பாகு வெதுவெதுப்பாக ஆனபிறகு சேருங்கள். கொதிக்கும்போது ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். நிஜ வனிலா காய் கிடைத்தால் நீளவாக்கில் கீறி, பாகு பாட்டிலுக்குள்ளேயே போட்டுவிடலாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வனிலாவுக்கு ஆசைப்படும் வீட்டில் நன்னாரி இருக்கிறதா என்று நான் கேட்பேன். கேட்டவுடன் சிரிப்பார்கள். ஆனால் இது வெறும் ஊர்ப்பாசம் இல்லை. வனிலாவின் வாசனைக்கு முதல் காரணம் வனிலின் என்ற பொருள். 1874-லேயே ஜெர்மனியில் அதைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், மலிவான எசன்ஸ் பாட்டில்களில் இருப்பது அந்த வகைதான். நன்னாரி வேரின் வாசனைக்குக் காரணமான பொருளிலும் வனிலினில் இருக்கும் அதே அணுக்கள்தான், எண்ணிக்கையும் அதேதான். அடுக்கியிருக்கும் விதத்தில் மட்டும் வித்தியாசம். ஒரே வீட்டுப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நன்னாரியை முகர்ந்தால் வனிலா மாதிரியும் இருக்கிறது, கூடவே மழை பெய்த மண் மாதிரியும் இருக்கிறது. மாகாளிக் கிழங்கிலும் இதே பொருள்தான். அந்த ஊறுகாயை மூட்டைப்பூச்சி வாடை என்று ஒதுக்குபவர்களுக்கு நன்னாரி காபி பிடிக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது!

பாலோடு சேருமா என்ற சந்தேகமே வேண்டாம். மதுரை ஜிகர்தண்டாவில் பாலும் நன்னாரியும் ஐஸ்கிரீமும் சேர்ந்து எத்தனை காலமாகக் குடும்பம் நடத்துகின்றன. நாம் அதில் காபியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

நன்னாரிப் பாகு செய்முறை. நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் வேர் வாங்குங்கள். விரலில் ஒடித்து முகர்ந்தால் மூக்கில் ஏற வேண்டும், வாடை இல்லாத பழைய வேர் வெறும் விறகு. மண் போகத் தேய்த்துக் கழுவி, அம்மியிலோ இடிகல்லிலோ வைத்து லேசாகத் தட்டுங்கள். மேல்தோல் விட்டு, நடுவில் வெளுப்பான கட்டை தனியாக வரும். கட்டையை எடுத்துவிடுங்கள், வாசனை தோலில்தான் இருக்கிறது. தோலை அரை லிட்டர் வெந்நீரில் போட்டு, மூடி, இரவு முழுக்க ஊறவிடுங்கள். மூடி முக்கியம். காலையில் திறக்கும்போது அந்த ஆவியை முகர்ந்தாலே வந்த வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியும். தண்ணீர் செந்நிறமாக மாறியிருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, அரைக் கிலோ சர்க்கரை போட்டு, சிறு தீயில் கரையும் வரை மட்டும் சூடுபடுத்தி இறக்குங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நிறம் வரும், தெரு முழுக்க வாசனை வரும், பாகில் ஒன்றும் மிஞ்சாது.

கடையில் நன்னாரி சர்பத் பாட்டில் வாங்கி இதைச் செய்யப் போகிறவர்கள் இந்த இடத்தில் நில்லுங்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அக்கா வீட்டுக்காரர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள், ஆறு டம்ளரிலும் பால் பொடிப்பொடியாகத் திரிந்து மிதந்தது. "தயிர்க் காபியா மாமா?" என்று சின்னவன் கேட்டான். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் சிட்ரிக் அமிலம் என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. சர்பத் என்றாலே எலுமிச்சையோடு கலப்பது, அந்தப் புளிப்புக்காகவும் கெடாமல் இருக்கவும் சேர்க்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் காபியே புளிப்பின் பக்கம் சாய்ந்த பானம், அதன் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5 அளவில் இருக்கும். பால் திரிவது 4.6-ல். நடுவில் இருப்பது ஒரு நூல் இடைவெளி. அமிலம் சேர்த்த பாகு அதைத் தாண்ட வைத்துவிடும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பூன் பாகு, இரண்டு ஸ்பூன் பால், ஒரு ஸ்பூன் டிகாக்‌ஷன் கலந்து ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். திரிந்தால் அந்தப் பாட்டிலைப் பால் இல்லாத கருப்பு ஐஸ் காபிக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

கேரமல் கேட்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அதற்கும் சிரப் பாட்டில் வாங்க வேண்டாம். அடி கனமான பாத்திரத்தில் 200 கிராம் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் மிதமான தீயில் உருக்குங்கள். தேன் நிறம் தாண்டிச் செம்பு நிறம் வந்ததும் அடுப்பை அணைத்து, 150 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பயங்கரமாகச் சீறும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கட்டி கட்டியாக நின்றால் மறுபடி சிறு தீயில் வைத்தால் கரைந்துவிடும். கால் டீஸ்பூன் உப்பு சேருங்கள், உப்பு கசப்பை அமுக்கும். செம்பு நிறத்தைத் தாண்டிக் கருக விட்டால் காபியின் கசப்போடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

கருப்பட்டியும் ஏறக்குறைய கேரமல் வேலையைச் செய்யும், புகை வாசனை உபரி. தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினால் அடியில் எவ்வளவு மண் நிற்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். சூடான பாலில் ஊற்றினால் திரியும் வாய்ப்பு அதிகம். பாகும் பாலும் இரண்டும் குளிர்ந்தபிறகு கலந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஏலக்காய் போட ஆசை இருந்தால் பாகு கொதிக்கும்போது நாலைந்தைத் தட்டிப் போட்டு வடிகட்டுங்கள். பொடியாகப் போட்டால் நாக்கில் நெருடும், பாயசம் நினைவு வரும். சாக்லேட், ஹேசல்நட் எல்லாம் கேட்பீர்கள். கொக்கோ பொடியைக் கொதிக்கும் பாகில் கரைத்துக்கொள்ளலாம். ஹேசல்நட்டுக்கு வீட்டில் சுருக்கமான வழி கிடையாது, பாட்டில்தான்.

பால். ஆவின் கணக்கில் சொன்னால் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரைத் தாங்க ஆரஞ்சுதான் சரி. காய்ச்சி இறக்கியபிறகு ஆறும் வரை நடுநடுவே கரண்டியால் கலக்கிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் ஆடை கட்டும். சூடான காபியில் ஆடையைச் சண்டை போட்டுச் சாப்பிடுபவர்கள்கூட, ஸ்ட்ராவில் குளிர்ந்த ஆடை வந்து அடைத்தால் முகம் சுளிப்பார்கள். எதற்கும் ஒரு முறை வடிகட்டிவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

சரி, ஒரு டம்ளர் செய்வோம். 350 மில்லி பிடிக்கும் உயரமான கண்ணாடி டம்ளர். முதலில் 20 மில்லி பாகு. அதன்மேல் குளிர்ந்த டிகாக்‌ஷன் 60 மில்லி. ஸ்பூனால் இந்த இரண்டை மட்டும் நன்றாகக் கலக்குங்கள், பாகு கனமானது, பால் ஊற்றியபின் கலக்கினால் அடியிலேயே படுத்துவிடும். இப்போது ஐஸ், ஐந்தாறு கட்டி. பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாக உருகும், தட்டிப் பொடித்த ஐஸ் போடாதீர்கள். கடைசியாக 120 மில்லி பாலை ஐஸ் கட்டியின் தலைமேல் மெல்ல ஊற்றுங்கள். வெள்ளை மேலே நிற்கும், நடுவில் புகை மாதிரி சுருண்டு சுருண்டு கருப்புக்குள் இறங்கும். படம் எடுக்க வேண்டும் என்றால் அந்த அரை நிமிடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடிவரை ஒரு கலக்கு. நன்னாரிப் பாகு என்றால் 25 மில்லிகூடத் தாங்கும். வனிலாவுக்கு 20-ஐத் தாண்ட வேண்டாம்.

மிக்சியில் நுரையோடு வேண்டும் என்றால், மேலே சொன்ன அளவோடு டிகாக்‌ஷன் கட்டியும் பால் கட்டியுமாக ஐந்தாறு போட்டு 20 நொடி, அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஆரஞ்சுப் பாலைக் குளிர்ச்சியோடு நெடுநேரம் ஓட்டினால் வெண்ணெய் திரள ஆரம்பித்துவிடும், நம் வீட்டில் மோர் கடைவதும் அதே வேலைதானே. இதற்கு நீலப் பாக்கெட் நல்லது. இரண்டு நிமிடத்தில் மேலே நுரை, கீழே தண்ணீர் என்று பிரிந்துவிடுகிறது என்பார்கள். கடைகளில் அப்படிப் பிரியாமல் இருக்க சாந்தன் கம் மாதிரி கெட்டிப்படுத்தும் பொருளைச் சேர்ப்பார்கள். வீட்டில் ஒரு கரண்டி வனிலா ஐஸ்கிரீம் போட்டுவிட்டால் போதும், அதற்குள்ளேயே அந்த வகைப் பொருள் இருக்கிறது. ஐஸ்கிரீம் போட்டால் பாகைப் பாதியாகக் குறையுங்கள்.

டிகாக்‌ஷனுக்குக் காத்திருக்க முடியாத விடுதிப் பிள்ளைகளுக்கு கிரேக்க வழி ஒன்று உண்டு. இரண்டு ஸ்பூன் இன்ஸ்டன்ட் பொடி, சர்க்கரை, நாலு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர், மூடி போட்ட பாட்டிலில் போட்டு ஒரு நிமிடம் குலுக்கினால் நுரை எழும்பும், அதன்மேல் ஐஸும் பாலும். 1957-ல் தெசலோனிகி நகரப் பொருட்காட்சியில் நெஸ்லே பிரதிநிதியிடம் வேலை பார்த்த ஒருவர் வெந்நீர் கிடைக்காமல் தற்செயலாகச் செய்ததுதான் கிரீஸ் முழுக்கப் பரவிய ஃபிராப்பே. நம் டிகாக்‌ஷனை எவ்வளவு குலுக்கினாலும் அந்த நுரை வராது, முயற்சி செய்து கையை வலிக்கவிடாதீர்கள். கோல்ட் ப்ரூ பற்றியும் கேட்பீர்கள்: அது சிக்கரி இல்லாத, ரவை போலப் பெரிதாக அரைத்த பொடியைக் குளிர்ந்த தண்ணீரில் 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவைப்பது. நம் ஃபில்டர் பொடியில் செய்தால் சேறுதான் கிடைக்கும்.

எனக்கு இன்னொரு பக்கத்து வீடு வியட்நாம். அங்கே ஃபின் என்று டம்ளர் மேல் உட்காரும் சின்ன ஃபில்டர், நம் ஃபில்டரின் தம்பி. பொடி பெரும்பாலும் ரோபஸ்டா, உலகத்திலேயே அதிகமாக ரோபஸ்டா விளைவிப்பவர்கள் அவர்கள்தான். டம்ளர் அடியில் இரண்டு ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க், அதன்மேல் கெட்டி டிகாக்‌ஷன், கலக்கி, டம்ளர் நிறைய ஐஸ். கா ஃபே சுவா டா என்பார்கள். கண்டென்ஸ்டு மில்க்கில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருப்பதால் பாகும் வேண்டாம், பாலும் வேண்டாம். பால் தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு இதைவிட்டால் வழி இல்லை. ஒரே நிபந்தனை, டிகாக்‌ஷன் சுடச்சுட இருந்தால்தான் அது கரையும். கரைந்தபிறகு ஆறவைத்து ஐஸில் ஊற்றுங்கள், மேலே போட்ட கணக்கு இதற்கும் பொருந்தும்.

வீட்டில் விசேஷம், பத்துப் பேருக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டால்: பொடி 180 கிராம், தண்ணீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, டிகாக்‌ஷன் 600 மில்லி கிடைக்கும். பால் ஒன்றேகால் லிட்டர், பாகு 200 மில்லி, ஐஸ் ஒரு கிலோவுக்கு மேல். வீட்டு ஃபில்டரில் இவ்வளவும் ஒரே ஈட்டில் இறங்காது, முதல் நாள் சாயங்காலமே நாலைந்து ஈடாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஐஸ் தட்டையும் முதல் நாளே இரண்டு மூன்று முறை நிரப்பி, கட்டிகளை ஒரு கவரில் போட்டு இறுகக் கட்டி உறைபெட்டியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மல்லிகைப்பூ வாங்கியிருந்தால் அன்றைக்கு மட்டும் அதை ஈரத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள்.